தூக்குமேடை வரை போகிறவர் யார்? மரண தண்டனை ஆய்வுகள் மாற்றிக்கொண்ட கேள்வி

உத்தரப் பிரதேசத்தில் நான்கு பேரைக் கொலை செய்த குற்றத்துக்காக ஜீத்தா சிங், கஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் ஆகிய மூவருக்கும் 1975இல் செஷன்ஸ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அலகாபாத் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மூவர் மீதும் இருந்த சாட்சியம் ஒன்றே. குற்றத்தில் மூவரின் பங்கும் ஒன்றே. அதன் பிறகு மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். ஜீத்தா சிங்கின் மனு 1976இல் தள்ளுபடியானது. கஷ்மீரா சிங்கின் மனு வேறொரு அமர்வின் முன் வந்தது. அந்த அமர்வு 1977இல் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனுவும் பிறகு மறுஆய்வு மனுவும் தள்ளுபடியாயின. உடன் குற்றவாளி ஒருவருக்குத் தண்டனை குறைக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி அலுவலகக் குறிப்பில் இருந்தும், அது நீதிபதிகளின் கவனத்துக்குப் போய்ச் சேரவில்லை. கருணை மனுவும் நிராகரிக்கப்பட்டது. ஜீத்தா சிங்கும் ஹர்பன்ஸ் சிங்கும் 1981 அக்டோபர் 6ஆம் நாள் தூக்கிலிடப்பட இருந்தார்கள். ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் ஒரு மனுவைத் தாக்கல் செய்து தடையாணை பெற்றார். ஜீத்தா சிங் மனு எதையும் தாக்கல் செய்யவில்லை. குறித்த நாளில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1982இல் உச்ச நீதிமன்றம் ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. ஜீத்தா சிங்குக்காக எதையும் பரிந்துரைக்கும் நிலையில் அப்போது நீதிமன்றம் இல்லை.

மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் நம்மிடையே பெரும்பாலும் கொடூரமான குற்றம் ஒன்று நடந்த மறுநாள்தான் தொடங்குகிறது. தொடங்கிய வேகத்தில் அது குற்றத்தின் கொடுமையைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது. இந்தத் தண்டனையை ஐம்பது, அறுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வரும் சட்டவியலாளர்களும் குற்றவியலாளர்களும் புள்ளியியலாளர்களும் கேட்டுவந்த கேள்விகள் வேறு. அந்தக் கேள்விகளிலும் காலப்போக்கில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. தூக்குத் தண்டனை கொலைகளைக் குறைக்கிறதா என்பதே முதலில் கேட்கப்பட்டது. கொலை செய்தவர்களில் தூக்குமேடை வரை போகிறவர் யார், எந்த வழியாகப் போகிறார் என்பதே இப்போது அதிகம் கேட்கப்படுகிறது. இரண்டாவது கேள்விக்குத்தான் ஆய்வுகளால் உறுதியான விடை தர முடிந்திருக்கிறது என்பது என் கருத்து. அந்த விடை ஜீத்தா சிங்குக்கு நேர்ந்ததை விதிவிலக்கான விபத்து என்று ஒதுக்கிவிட முடியாதபடி செய்திருக்கிறது.

முதல் கேள்வியின் வரலாற்றைச் சற்று விரைவாகவே சொல்லிவிடலாம். இத்தாலியச் சிந்தனையாளர் செசாரே பெக்காரியா 1764லேயே, குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் கிடைக்கும் என்ற நிச்சயமே என்று வாதிட்டார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கச் சமூகவியலாளர் தார்ஸ்டன் செல்லின், மரண தண்டனை உள்ள மாநிலங்களையும் அது இல்லாத அண்டை மாநிலங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, கொலை விகிதத்தில் குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை என்று 1959இல் எழுதினார். பொருளியலாளர் ஐசக் எர்லிக் 1975இல் வேறொரு கணக்கைக் கொண்டுவந்தார். நிறைவேற்றப்படும் ஒவ்வொரு மரண தண்டனையும் ஏழெட்டு உயிர்களைக் காப்பாற்றக்கூடும் என்றது அவருடைய புள்ளியியல் மாதிரி. அந்தக் கட்டுரை முறையாக அச்சேறுவதற்கு முன்பே அமெரிக்க அரசின் வழக்கறிஞர்கள் அதை அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினார்கள். பிற ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து, சில ஆண்டுகளை விட்டுவிட்டோ சமன்பாட்டின் வடிவத்தைச் சிறிது மாற்றியோ கணக்கிட்டுப் பார்த்தபோது அந்த விளைவு கரைந்துபோனது. 2000க்குப் பிறகு இதே நாடகம் மீண்டும் ஒரு சுற்று நடந்தது. கடைசியில், டேனியல் நேகின் தலைமையில் அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகம் அமைத்த குழு 2012இல் தன் முடிவை வெளியிட்டது: இதுவரை வந்த ஆய்வுகளை வைத்து மரண தண்டனை கொலையைக் குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ பாதிப்பதே இல்லை என்றோ எதையும் சொல்ல முடியாது, எனவே கொள்கை வகுக்கும்போது அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

அந்தக் குழு சொன்ன காரணங்கள் கவனிக்கத்தக்கவை. மரண தண்டனை உள்ள இடத்தில் அதற்கு மாற்றாக என்ன தண்டனை கிடைக்கிறது, எத்தனை ஆண்டுச் சிறை, அது எவ்வளவு உறுதியாகக் கிடைக்கிறது என்பதை அந்த ஆய்வுகள் கணக்கில் எடுக்கவே இல்லை. கொலை செய்யப் போகிறவர் தூக்கு கிடைக்கும் வாய்ப்பை எப்படி மதிப்பிடுகிறார் என்பதைப் பற்றியும் ஆய்வாளர்கள் தாமாகவே சிலவற்றை அனுமானித்துக்கொண்டார்கள். கையில் அரிவாளோடு நிற்பவர் கடந்த ஆண்டு எத்தனை பேர் தூக்கிலிடப்பட்டார்கள் என்ற எண்ணிக்கையை அறிந்தவராக இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு சோதனை நடந்திருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இல் மரண தண்டனையைச் சில விதிவிலக்குகளோடு ஒழித்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரின் பகுதி. ஆகவே நாகர்கோவிலும் தக்கலையும் சில ஆண்டுகள் தூக்குத் தண்டனை இல்லாத ஊர்களாக இருந்தன. இந்தியச் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தபோது தண்டனையும் திரும்பி வந்தது. தண்டனை இல்லாத 1945 முதல் 1950 வரையிலான காலத்தில் 962 கொலைகளும், அது திரும்பி வந்த பிறகு 1950 முதல் 1955 வரை 967 கொலைகளும் நடந்தன என்ற கணக்கு பின்னாளில் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. ஒழித்ததால் கொலை பெருகவில்லை என்பதற்கு இது சான்று என்று வாதிடுவோர் உண்டு. எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் செல்லினுக்கும் எர்லிக்குக்கும் பொருந்தும் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். மக்கள்தொகை, நிலத் தகராறு, அரசியல் கொந்தளிப்பு, காவல் துறை அமைப்பு என எல்லாமே மாறிக்கொண்டிருந்த பத்தாண்டு அது. அதிலிருந்து ஒரே ஒரு காரணத்தை மட்டும் பிரித்தெடுக்க இந்த இரண்டு எண்கள் போதாது.

1967இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 35ஆம் அறிக்கையில், நாட்டின் பரப்பு, மக்களின் வேறுபட்ட சமூகப் பின்னணி, கல்வி நிலை ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி, ஒழித்துப் பார்க்கும் சோதனையில் இந்தியா இறங்க முடியாது என்று முடிவுசெய்தது. 2015இல் நீதிபதி ஏ. பி. ஷா தலைமையிலான ஆணையம் 262ஆம் அறிக்கையில், ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை குற்றத்தை அதிகமாகத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்றது. பயங்கரவாதம், அரசுக்கு எதிரான போர் ஆகியவை தொடர்பான குற்றங்களைத் தவிர மற்றவற்றுக்கு அதை ஒழிக்கலாம் என்று பரிந்துரைத்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் தடுப்பு பற்றிப் புதிய உண்மை எதுவும் கண்டுபிடிக்கப்பட்டுவிடவில்லை. தண்டனை எப்படி வழங்கப்படுகிறது என்பது தெரிய வந்திருந்தது. 262ஆம் அறிக்கையின் பெரும் பகுதியும் அதைப் பற்றியதுதான்.

தூக்குமேடைக்குப் போகிறவர் யார் என்ற தேர்ந்தெடுப்பைப் பற்றிய ஆய்வுக்குப் பெரிய முன்மாதிரி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்தது. டேவிட் பால்டஸும் அவருடைய சகாக்களும் 1970களில் அங்கு நடந்த 2,000க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை எடுத்து, குற்றத்தின் தன்மை, முன் குற்றங்கள், சாட்சியத்தின் வலிமை என்று நூற்றுக்கணக்கான கூறுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். மற்றவை எல்லாம் சமமாக இருக்கும்போதும், கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் குற்றவாளிக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு 4.3 மடங்கு அதிகமாக இருந்தது. வாரன் மெக்கிளெஸ்கி என்ற கறுப்பினக் கைதியின் வழக்கில் இந்த ஆய்வு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1987இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது தோற்றது. ஆய்வு சரி என்றே வைத்துக்கொண்டாலும் மெக்கிளெஸ்கியின் வழக்கில் பாகுபாடு காட்டப்பட்டது என்பதை அது நிரூபிக்கவில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மெக்கிளெஸ்கி 1991இல் கொல்லப்பட்டார். அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், ஓய்வுபெற்ற பிறகு தம் வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம், மாற்றிக்கொள்ள முடியுமானால் இந்த வழக்கில் அளித்த வாக்கை மாற்றிக்கொள்வேன் என்று சொன்னார்.

இந்தியாவில் அப்படி ஒரு புள்ளியியல் ஆய்வைச் செய்வதற்கான அடிப்படைத் தரவே இல்லை. விடுதலைக்குப் பிறகு எத்தனை பேர் தூக்கிலிடப்பட்டார்கள் என்ற எளிய கேள்விக்குக்கூட அரசிடம் முழுமையான பதில் இருக்கவில்லை. பழைய அரசுக் கணக்குகளில் சில டஜன் எண்ணிக்கையே சொல்லப்பட்டுவந்த நிலையில், 1967ஆம் ஆண்டுச் சட்ட ஆணைய அறிக்கையின் பின்னிணைப்பு ஒன்றிலேயே, 1950களின் நடுவிலிருந்து 1960களின் தொடக்கம் வரையிலான பத்தாண்டில் மட்டும் 1,422 பேர் தூக்கிலிடப்பட்ட விவரம் இருப்பதைக் குடிமை உரிமை அமைப்பினர் எடுத்துக்காட்டினார்கள். பின்னர் ஆய்வாளர்கள் சிறைகளுக்கு எழுதிக் கேட்டபோது, பல இடங்களில் பதிவேடுகள் இல்லை, அழிந்துவிட்டன என்ற பதில்தான் வந்தது. ஒரு மனிதரைச் சட்டப்படி கொன்ற அரசு அவர் பெயர் எழுதிய தாளைப் பத்திரப்படுத்தி வைக்கவில்லை.

எனவே இந்திய ஆய்வாளர்கள் வேறு வழியில் போக வேண்டியிருந்தது. முதல் வழி தீர்ப்புகளை வரிசையாகப் படிப்பது. அதன் பயனைப் புரிந்துகொள்ள, 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியை நினைவில் கொள்ள வேண்டும். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், கொலைக்கு ஆயுள் தண்டனையே இயல்பானது, மரண தண்டனை தருவதானால் அதற்குச் சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும் என்று ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தது. மரண தண்டனை அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி பகவதி மட்டும் மாறுபட்டார். பெரும்பான்மையினர் விதித்த நிபந்தனை கடுமையானது. குற்றத்தை மட்டும் பார்க்காமல் குற்றவாளியையும் பார்க்க வேண்டும். அவர் திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசுத் தரப்பு காட்ட வேண்டும். வேறு வழி அறவே அடைபட்டுப்போன ‘அரிதினும் அரிதான’ வழக்கில் மட்டுமே தூக்கு. மூன்றே ஆண்டுகளில், மச்சி சிங் வழக்கில், குற்றங்களை ஐந்து வகையாகப் பிரித்து, சமூகத்தின் கூட்டு மனசாட்சி அதிர்ச்சியுறும் வழக்குகள் எவை என்று இன்னொரு அமர்வு விளக்கம் சொன்னது. குற்றவாளியைப் பற்றிய கேள்வி அதில் மெல்லப் பின்னுக்குப் போனது. அதன் பிறகு ஒரே உச்ச நீதிமன்றத்தில் சில அமர்வுகள் பச்சன் சிங் வழியிலும், சில மச்சி சிங் வழியிலும், சில இரண்டையும் மேற்கோள் காட்டிவிட்டுத் தம் போக்கிலும் நடந்தன.

அம்னஸ்டி இண்டர்நேஷனலின் இந்தியப் பிரிவும் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் தமிழ்நாடு–புதுச்சேரிக் கிளையும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, 1950 முதல் 2006 வரை மரண தண்டனை தொடர்பாக உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளை ஒன்றுவிடாமல் படித்தது. நம் ஊர்க்காரர்கள் முன்னின்று செய்த இந்த உழைப்பு தமிழில் போதிய அளவு பேசப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஒரே மாதிரியான கொலைக்கு ஒருவருக்குத் தூக்கு, இன்னொருவருக்கு ஆயுள். குற்றவாளியின் இளம் வயது ஒரு தீர்ப்பில் தண்டனையைக் குறைக்கும் காரணம், அடுத்த தீர்ப்பில் அது பொருட்டே அல்ல. வழக்கு எந்த அமர்வின் முன் வருகிறது என்பதைப் பொறுத்து ஓர் உயிர் நிற்பதையும் போவதையும் அந்த ஆய்வு குலுக்கல் சீட்டுக்கு ஒப்பிட்டது.

இதை ஆய்வாளர்களின் மிகை என்று தள்ளிவிட முடியாதபடி அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் தானே ஒரு தவற்றை ஒப்புக்கொண்டது. 1995இல் ராவ்ஜி என்பவரின் வழக்கில், குற்றத்தின் தன்மையே முக்கியம், குற்றவாளியின் சூழ்நிலை அல்ல என்று இரண்டு நீதிபதிகள் எழுதியிருந்தார்கள். அது பச்சன் சிங் நெறிக்கு நேர் எதிரானது. அதைப் பின்பற்றி மேலும் சில வழக்குகளிலும் தூக்கு உறுதிசெய்யப்பட்டிருக்கிறது என்று 2009இல் சந்தோஷ் பாரியார் வழக்கின் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. 2012இல் ஓய்வுபெற்ற 14 நீதிபதிகள், இப்படித் தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் தூக்கைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். ராவ்ஜி 1996லேயே தூக்கிலிடப்பட்டுவிட்டார், இன்னொருவர் 1997இல்.

தீர்ப்புகளைப் படிப்பதில் ஒரு குறை உண்டு. தீர்ப்பில் எழுதப்படாததை அந்த வழியில் அறிய முடியாது. செஷன்ஸ் நீதிமன்றத்தின் கொலை வழக்குத் தீர்ப்பு நகல் ஒன்றைத் தமிழ்நாட்டில் யாராவது கையில் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். அரசுத் தரப்பு சாட்சிகள் ஒவ்வொருவரும் சொன்னது, மகஜர், உடற்கூறாய்வுச் சான்று, கைப்பற்றிய பொருள்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும். குற்றம் சாட்டப்பட்டவர் நம் நீதிமன்றத் தமிழில் ‘எதிரி’. கடைசியில், குற்றம் நிரூபிக்கப்பட்டது என்ற வரிக்குப் பிறகு, தண்டனை குறித்து எதிரியிடம் கேட்கப்பட்டது என்று ஒரு பத்தி வரும். தான் ஏழை, வயதான தாயார் இருக்கிறார், சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள், குறைந்த தண்டனை தரும்படி கேட்டுக்கொண்டார் என்ற அளவில் அது முடிந்துவிடும். அவர் எங்கே வளர்ந்தார், எந்த வயதில் பள்ளியை விட்டார், தலையில் அடிபட்டதுண்டா, மனநோய் இருந்ததா, சிறையில் இத்தனை ஆண்டுகள் எப்படி நடந்துகொண்டார் என்று எதையும் யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்ற பச்சன் சிங் நெறிக்கு நடைமுறையில் கிடைப்பது பெரும்பாலும் அந்த மூன்று நான்கு வரிகள்தான்.

அந்த வரிகளுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களைத் தேடிப் போனது டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. அனூப் சுரேந்திரநாத் தலைமையில் பேராசிரியர்களும் மாணவர்களும் நாடெங்கும் சிறைகளுக்குச் சென்று, மரண தண்டனை பெற்றிருந்த 385 பேரில் 373 பேரிடம் பேசினார்கள். குடும்பத்தினரையும் அவர்கள் வாழும் இடங்களுக்கே போய்ச் சந்தித்தார்கள். அறிக்கை 2016இல் வெளிவந்தது. தமிழ்நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களைச் சந்திக்க மட்டும் மாநில அரசு அனுமதி தரவில்லை. ஆகவே அந்தப் பெரிய சித்திரத்தில் நம் மாநிலத்தின் கைதிகள் பேசவில்லை.

அறிக்கையின்படி அவர்களில் 74.1 சதவீதத்தினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். 76 சதவீதத்தினர் பிற்படுத்தப்பட்ட வகுப்புகளையும் பட்டியல் சாதி, பழங்குடியினரையும் மதச் சிறுபான்மையினரையும் சேர்ந்தவர்கள். இந்த இரண்டாவது எண்தான் செய்திகளில் அதிகம் அடிபட்டது. அதை எடுத்தாள்வதில் சற்று நிதானம் தேவை என்று நினைக்கிறேன். நாட்டு மக்கள்தொகையிலேயே இந்தப் பிரிவினரின் பங்கு மிகப் பெரியது. சிறைகளில் உள்ளவர்களிலும் அப்படித்தான். எனவே 76 என்ற எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு நீதிபதிகள் சாதி பார்த்துத் தூக்குத் தந்தார்கள் என்று சொல்ல முடியாது. பால்டஸ் செய்ததைப் போல் ஒத்த வழக்குகளை ஒப்பிட்டால்தான் அப்படிச் சொல்லலாம். அறிக்கையை எழுதியவர்களும் அந்த அளவுக்குப் போகவில்லை.

என்னை அதிகம் உலுக்கியவை எண்ணிக்கையைவிட நடைமுறையைச் சொல்லும் பகுதிகள். காவல் துறை விசாரணையின்போது வக்கீல் உடன் இருந்தாரா என்ற கேள்விக்கு விவரம் சொன்னவர்களில் ஏறத்தாழ எல்லோருமே இல்லை என்றார்கள். காவலில் நடந்ததைப் பற்றிப் பேசியவர்களில் ஐந்தில் நான்கு பேர் தாம் சித்திரவதை செய்யப்பட்டதாகச் சொன்னார்கள். இவை கைதிகளே சொன்னவை, அவற்றைத் தனியாகச் சரிபார்க்க வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே ஆய்வுக் குழு அடுத்து உச்ச நீதிமன்றத்தின் 60 முன்னாள் நீதிபதிகளிடம் பேசி 2017இல் வெளியிட்ட ஆய்வில், காவல் சித்திரவதை பற்றிக் கருத்துச் சொன்ன நீதிபதிகளில் மிகப் பெரும்பாலோர் அது பரவலாக நடக்கிறது என்றே ஒப்புக்கொண்டார்கள். அரிதினும் அரிது என்றால் என்ன என்பதில் அந்த நீதிபதிகளுக்குள்ளேயே பொதுவான புரிதல் இல்லை என்பதும் அதில் தெரிய வந்தது. இன்னொன்றும் உண்டு. இத்தனை ஏழ்மையிலும் கைதிகளில் பெரும்பாலோர் இலவசச் சட்ட உதவியை நம்பாமல், கடன்பட்டும் இருப்பதை விற்றும் தனியாக வக்கீல் வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும், உயர் நீதிமன்றத்தில் தமக்காக வாதாடிய வக்கீலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். தன் உயிருக்காகப் பேசியவரின் முகத்தையே அவர்கள் அறிந்திருக்கவில்லை.

விசாரணை நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகள் பிறகு என்ன ஆயின என்பதையும் அந்த அறிக்கை தேடிப் பார்த்தது. 2000 முதல் 2015 வரை விதிக்கப்பட்டு, முடிவு தெரிந்த வழக்குகளில், கடைசிவரை நிலைத்தவை 5 சதவீதத்துக்கும் குறைவு. ஏறக்குறைய 65 சதவீதம் குறைக்கப்பட்டன. ஏறக்குறைய 30 சதவீதத்தினர் குற்றமே நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலையானார்கள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர்களில் பத்தில் மூன்று பேர் மீதான குற்றத்தீர்ப்பே மேல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்பது இதன் பொருள். மேல்முறையீட்டில் பிழைகள் திருத்தப்படுகின்றன, அமைப்பு ஒழுங்காக இயங்குகிறது என்று சிலர் இதற்கு ஆறுதல் சொல்வதுண்டு. அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. திருத்தப்படும் வரையிலான ஆண்டுகளை அந்த மனிதர்கள் எங்கே கழித்தார்கள் என்ற கேள்வி ஒருபுறம் இருக்க, திருத்தும் இடத்திலும் பிழை நடக்கிறது.

2003இல் மகாராஷ்டிரத்தில் நடந்த கொலை, பாலியல் வன்கொடுமை வழக்கில் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் சேர்த்து ஆறு பேருக்கும் தூக்கை உறுதிசெய்தது. பிறகு அவர்களில் ஒருவர் குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவர் என்று தெரிய வந்தது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்து, தலா 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உயிர் தப்பிய சாட்சி தொடக்கத்தில் காவல் துறையின் படத் தொகுப்பைப் பார்த்து வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரைப் பற்றி விசாரணையே நடக்கவில்லை. இவை யாவும் பதினாறு ஆண்டுகளாக வழக்குக் கட்டுக்குள்ளேயே இருந்தன.

தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1998 ஜனவரி 28ஆம் நாள் பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரை விடுவித்தது. நால்வரில் நளினிக்கு 2000இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. கருணை மனு மீது ஆண்டுக்கணக்கில் முடிவெடுக்காமல் வைத்திருந்த காரணத்தால் மற்ற மூவருக்கும் 2014 பிப்ரவரியில் குறைக்கப்பட்டது. 2022க்குள் எல்லோரும் விடுதலையானார்கள். பேரறிவாளனின் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் அதிகாரி தியாகராஜன், அவர் சொன்னதைச் சொன்னபடி முழுமையாகத் தாம் எழுதவில்லை என்று 2013இல் வெளிப்படையாகக் கூறினார். காவல் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கத் தடா சட்டம் இடம் தந்திருக்காவிட்டால், அந்தத் தாள்கள் நீதிமன்றத்தில் ஏறியிருக்கவே முடியாது. இந்த வழக்கின் அரசியலைப் பற்றி எவருக்கும் எந்தக் கருத்தும் இருக்கலாம். 26 என்ற எண் 4 ஆகி, பிறகு பூஜ்யமானது என்பதைக் கருத்து வேறுபாடு மாற்றிவிடாது.

ஆய்வுகள் அலமாரியில் தூங்குகின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தத் துறையில் அப்படி நடக்கவில்லை. டெல்லிக் குழு 2021இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், உளவியலாளர்கள் மரண தண்டனைக் கைதிகள் 88 பேரைச் சந்தித்து மதிப்பிட்டார்கள். அவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு மனநோயும், 11 சதவீதத்தினருக்கு அறிவுத்திறன் குறைபாடும் இருப்பது தெரிந்தது. அந்தக் குறைபாடு விசாரணை நீதிமன்றத்தில் பேசப்படவே இல்லை. தீர்ப்பு நகலின் அந்த மூன்று நான்கு வரிகளில் விடுபட்டது என்ன என்பதற்கு மருத்துவச் சான்றே கிடைத்துவிட்டது. 2022 மே மாதம் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த மனோஜ் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை கேட்கும் அரசுத் தரப்பு, குற்றவாளியின் மனநல, உளவியல் மதிப்பீட்டை விசாரணைக் கட்டத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும் என்றது. அவருடைய குடும்பம், கல்வி, வறுமை, சிறை நடத்தை ஆகியவை பற்றிய அறிக்கைகளும் நீதிமன்றத்தின் முன் வர வேண்டும் என்றது. சமூகப் பணி படித்தவர்கள் கைதியின் ஊருக்குப் போய், பள்ளி ஆசிரியரையும் அக்கம்பக்கத்தாரையும் கேட்டு, அவருடைய வாழ்க்கையை எழுதிக் கொண்டுவரும் வேலை இப்போது வழக்கின் ஒரு பகுதியாகத் தொடங்கியிருக்கிறது.

அடுத்த சில ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதிசெய்வது மிகவும் அருகிப்போனது. 2023இல் ஒன்றைக்கூட அது உறுதிசெய்யவில்லை. விசாரணை நீதிமன்றங்கள் அதே ஆண்டில் 120 பேருக்குத் தூக்கு விதித்தன. ஆண்டு முடிவில் 561 பேர் தூக்குத் தண்டனையோடு சிறைகளில் காத்திருந்தார்கள். மேலே எழுதப்படும் நெறி கீழே இறங்கவில்லை என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன. அதற்குக் காரணம் செஷன்ஸ் நீதிபதிகளின் மனம் மட்டும் அல்ல. குற்றத்தீர்ப்பு சொன்ன அன்றே, சில வழக்குகளில் உணவு இடைவேளைக்குப் பிறகே, தண்டனை மீதான விசாரணையை முடித்துவிடும் வழக்கம் நம் நீதிமன்றங்களில் நிலைத்துவிட்டது. ஊருக்குப் போய் ஒருவரின் வாழ்க்கையை விசாரித்து எழுத வாரங்களாவது வேண்டும். குற்றத்தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடையே எவ்வளவு கால அவகாசம் தரப்பட வேண்டும், அந்த அவகாசத்தில் எதிரிக்கு என்னென்ன வாய்ப்புகள் கிடைத்தாக வேண்டும் என்ற கேள்வியை, இதில் தன் அமர்வுகளே முரண்பட்ட தீர்ப்புகளைத் தந்திருக்கின்றன என்று ஒப்புக்கொண்டு, 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.